தறிக்கூடத்தில் சிறுத்துப்போன எழுத்து

இனி என் வேலையைப் பார்க்கப்போகும் உங்கள் நால்வருக்கும் கடவுச்சொற்களை அனுப்பி நான்கு நாட்கள் ஆகின்றன. இன்று காலை, பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, புகார்ப் பட்டியலைத் திறக்காமல் காபி குடித்தேன். அதில் பெரிய மகிழ்ச்சி எதுவும் இல்லை. கை சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதினோரு ஆண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லிவருகிறேன். டிவியோடு இணைக்கும் சின்னப் பெட்டியில் படமும் பாட்டும் ஓட்ட இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதி அதில் சேர்த்த ஆட்-ஆன் என்னும் துணைநிரல்கள் ஏராளம். வானொலி கேட்க ஒன்று, பழைய நாடகங்களைத் தேட ஒன்று, படத்தின் வசனத்தைத் திரையில் எழுத்தாகக் காட்ட ஒன்று. எழுதியவருக்குக் கல்யாணம் ஆகிவிடும், வேலை மாறிவிடும், அலுத்துவிடும். அவர் போய்விடுவார், ஆட்-ஆன் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கேட்டவர் 'ஓ' என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் பத்திரிகையில் பிரதி திருத்தும் மேசையிலிருந்து வந்தவன். ஓய்வுபெற்றுத் திருத்தணிக்கு வந்த புதிதில் ஓர் ஆட்-ஆனில் எழுத்துப்பிழைகளைப் பார்த்தேன். திருத்தி அனுப்பினேன். நன்றி சொல்லி, இன்னொன்றையும் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். என்னை யாரும் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், நான் மிஞ்சினேன். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

எதை எப்படிச் சோதிப்பது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தனியாக எழுதி அனுப்பிய குறிப்பில் இருக்கின்றன. அந்தக் குறிப்பில் எழுத முடியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அது என் தவறு. இன்னொருவர் அதற்காகத் தன் தறியைக் கொடுத்துவிட இருந்தார்.

வசன எழுத்துகளைக் காட்டும் அந்த ஆட்-ஆன் மேல்தான் எப்போதும் புகார் அதிகம். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் ஒருபுறம். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். அணைக்கத் தேடும் நேரத்தில் எங்களுக்குப் புகார் எழுதிவிடுவார்கள். இன்னொருபுறம், எழுத்து தடிமனாக, மஞ்சளாக, பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, நடிகரின் முகவாய் தெரியவில்லை என்பவர்கள். "இது படமா, சுவரொட்டியா?" என்று ஒருவர் வாரம் தவறாமல் எழுதினார்.

நம் குழுவில் அப்போது அருண் என்றொருவர் இருந்தார். சிங்கப்பூரில் வேலை, எதையும் நேர்த்தியாகச் செய்யும் ஆள். அவர் எழுத்தை மாற்றி அமைத்தார். மெல்லிய எழுத்து, வெள்ளை நிறம், பழையதில் பாதி அளவு, திரையின் அடியோரம். பார்த்தேன். நன்றாகவே இருந்தது. என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்து, எட்டடி தூரத்தில் இருக்கும் டிவியில் ஒரு முழுப் படத்தையும் ஓட்டிச் சோதித்தேன். ஒரு வசனம் தவறவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. எழுத்தின் அளவை யாராவது தாங்களே மாற்றி வைத்திருந்தால் புதிய அமைப்பு அதை அழித்துவிட்டுத் தன் அளவைப் போட்டுவிடும். அருண் இதை மறைக்கவில்லை. அனுப்பிய குறிப்பிலேயே எழுதியிருந்தார். அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார். அந்த அமைப்புப் பக்கம் நான்கு பட்டியல்களுக்கு உள்ளே இருந்தது. அங்கே போய் யார் மாற்றியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சரி என்று எழுதி, எல்லா வீடுகளுக்கும் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, ஊரில் பஸ்கள் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கிய வாரம் அது.

அந்தப் பொத்தானைப் பற்றி நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். பத்திரிகையை வாசகர் காசு கொடுத்து வாங்குகிறார், பிரிக்கிறார், படிக்கிறார். நம் அப்டேட்டை யாரும் பிரிப்பதில்லை. நாம் இங்கே அழுத்தினால் அவர்கள் வீட்டில் ஒரு பொருள் தானாக மாறிவிடுகிறது. மாறியது என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

புகார்கள் நின்றன. சுவரொட்டிக்காரர் நன்றி எழுதினார். இரண்டு மாதம் அமைதி. அந்த அமைதியை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். மேசையில் இருந்த காலத்தில் ஆசிரியருக்கு வரும் கடிதங்களைப் பிரித்தவன் நான். அதே இருபது பேர்தான் எழுதுவார்கள். மற்றவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருளல்ல. இது தெரிந்தவனே மறந்துபோனேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை சுதாகர் வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். சுற்று ஊர்களில் இந்தப் பெட்டிகளைப் பொருத்தித் தருபவரும் அவர்தான். சோதனைக்காக நான் இரவல் வாங்கிய பெட்டி ஒன்றை எடுத்துப்போக வந்தவர், செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"பொதட்டூர்பேட்டையில நம்ம தனலட்சுமி அக்கா இல்ல சார், பாவம். தறிச் சத்தத்துல காதுதான் போச்சுன்னு பாத்தா இப்போ கண்ணும் போவுது. டிவில எழுத்து தெரியலன்றாங்க."

"யார் அந்த அம்மா?"

"பவர்லூம் சார். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருதான், வீட்டோட தறி. அக்காவுக்கு காது சுத்தமா கேக்காது. அதுக்குத்தான் தறிக்கூடத்துல டிவிய மாட்டி, உங்க எழுத்துப் பெட்டிய வெச்சிக் குடுத்தேன். நெய்ஞ்சிகினே படம் படிக்கும் சார் அது. பாக்காது, படிக்கும்." அவரே சிரித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம அந்தத் தறிய ஆர்.கே.பேட்டை மச்சினனுக்குக் குடுத்துடப் போறாங்களாம். டெம்போ கூட சொல்லியாச்சு."

"எப்போலருந்து தெரியலையாம்?"

"ஆடிக் கிருத்திக முடிஞ்சி ஒரு வாரம் பத்து நாள் இருக்கும் சார். ஒரு நாள் நல்லா இருந்துச்சாம், மறுநாள் மங்கிடுச்சாம்."

இரண்டு செய்திகளில் ஒரே தேதி வந்தால் பேனாவைக் கீழே வைக்காதே என்பது என் பழைய தொழிலின் பழக்கம். கேட்டேன்: "எழுத்து அளவை நீங்க மாத்தி வெச்சீங்களா?"

"ஆங், ஃபுல்லா பெருசு பண்ணிதான் வெச்சேன். தறிக்கும் டிவிக்கும் இருவது அடி இருக்கும் சார்." சொன்னவர் ஒரு செருப்போடு அப்படியே நின்றார். "ஏன் சார்?"

சொன்னேன். அவர் இன்னொரு செருப்பைப் போடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"கண் டாக்டரப் பாத்தாங்களா?"

"கேம்ப்புக்குப் போனாங்க சார். ஒண்ணுமில்ல, வயசுக்கு ஏத்த கண்ணுதான்னு சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க. அக்கா நம்பல. அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் மொதல்ல தூரம் போச்சாம், அப்புறம் மொத்தமா போச்சாம்."

"வீட்டுக்காரர் பாத்திருப்பாரே, எழுத்து சின்னதானத?"

"முனிரத்தினம் அண்ணன் நகரி பக்கம் சார். தெலுங்குல படிச்சவரு. தமிழ் எழுத்து அவருக்கு எறும்பு ஊர்ற மாதிரி. பெருசா இருந்தா பெரிய எறும்பு, சின்னதா இருந்தா சின்ன எறும்பு. அவரு இன்னாத்த கண்டாரு?"

அந்தக் கூடத்தில் அந்த எழுத்தைப் படிக்கக்கூடியவர் ஒருவரே. அது சுருங்கியபோது, அவருக்குத் தெரிந்த ஒரே காரணம் தன் கண்.

டெம்போ வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் அந்த வாரம்தான் மூல மென்பொருளின் புதிய பதிப்பு வர இருந்தது. அது வெளியாகும்வரை யாரும் எந்த ஆட்-ஆனிலும் கைவைக்கக் கூடாது என்று எல்லாக் குழுக்களுக்கும் சொல்லியிருந்தார்கள். அதைத் தமிழில் எழுதி அனுப்பியவனே நான்தான். இருந்தும் அருணை அழைத்து நடந்ததைச் சொன்னேன். பழைய எழுத்தை உடனே திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன்.

"சார், இந்த வாரம் எதையும் தொடக்கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க?"

"ஆமா."

"ஒரு வீட்டுக்காகவா சார்?"

"நமக்குத் தெரிஞ்சது ஒரு வீடு."

அவர், "நான் அழகா இருக்கும்னுதான் சார் பண்ணேன்" என்றார்.

"அழகாத்தான் இருந்துச்சு. பாத்துட்டு சரின்னு எழுதுனது நான்."

போனை வைத்துவிட்டுப் பொத்தான் இருக்கும் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அழுத்தியிருந்தால் மாலைக்குள் அந்தத் தறிக்கூடத்தில் எழுத்து பெரிதாகியிருக்கும். மற்ற வீடுகளிலும் ஆகியிருக்கும். இரண்டு மாதத்தில் புதிய அளவுக்குப் பழகியவர்கள், தங்களுக்கு ஏற்றபடி மறுபடி திருத்தி வைத்துக்கொண்டவர்கள் எல்லோருடைய திரையும் இன்னொரு முறை சொல்லாமல் கொள்ளாமல் மாறியிருக்கும். எதற்காக அழுத்த நினைக்கிறேன் என்று யோசித்தேன். அந்த அம்மாவுக்காக என்று தோன்றவில்லை. நெஞ்சில் உட்கார்ந்த ஒன்றை இறக்கிவைக்க ஒரு வழி, அவ்வளவுதான். முதல் தடவை செய்த அதே தவறை, இந்த முறை நல்ல எண்ணத்தோடு செய்யப் பார்த்தேன். நல்ல எண்ணம் முதல் தடவையும் இருந்தது.

பக்கத்தை மூடினேன். ஒரு வீட்டுக்கு நேரில் போவது, மற்ற வீடுகளுக்கு நிதானமாகச் செய்வது என்று முடிவுசெய்தேன்.

மற்ற வீடுகளுக்குச் செய்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். யார் எந்த அளவு வைத்திருந்தார்கள் என்பதற்கு நம்மிடம் நகல் இல்லை. அழித்தது அழித்ததுதான். பத்திரிகையில் எனக்குத் தலைமை உதவி ஆசிரியராக இருந்தவர், முதல் பக்கத்துத் தவறுக்கு ஏழாம் பக்கத்தில் திருத்தம் போட்டால் கத்துவார்: "தப்பப் படிச்சவன் அங்க வந்து பாப்பானாய்யா?" தவறு நடந்தது திரையில். அதனால் புதிய பதிப்பு வெளியான பிறகு, ஆட்-ஆன் முதல்முறை திறக்கும்போது திரை முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் வரும்படி செய்தோம்: 'எழுத்தைச் சிறிதாக்கியது நாங்கள். உங்கள் கண்ணில் குறை என்று நினைக்க வேண்டாம்.' கீழே மூன்று அளவுகள். எது வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். சுவரொட்டிக்காரர் மறுபடி கோபித்துக்கொண்டார். "கண் இருக்கிறவனிடம் எதற்கு இந்த அறிவிப்பு?" என்று எழுதினார். வேறு சிலர் எழுதியதை நான் யாருக்கும் காட்டவில்லை. புதுக் கண்ணாடி வாங்கிவிட்டேன் என்றார் ஒருவர்.

வியாழக்கிழமை காலை சுதாகரின் வண்டியில் போனோம். அந்த அம்மா பழகியிருந்த தடித்த மஞ்சள் எழுத்தோடு பழைய பதிப்பு ஒரு பென் டிரைவில் என் சட்டைப்பையில் இருந்தது. வழி நெடுக அவர், "அன்னிக்கே ரிமோட்ட கையில எடுத்துப் பாத்துருக்கணும் சார்" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லி வந்தார். இரண்டு தெரு தாண்டும்போதே தறிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. வீட்டு வாசலில் நின்று அவர் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். பேச்சு காதில் விழும்படி நெருங்கி வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க சார், வாங்க. யாருப்பா சுதாகர், கண்ணு டாக்டரா?"

"டாக்டர் இல்லண்ணே. கண்ண கெடுத்தவரு."

அதை அவர் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். உள்ளே அழைத்துப்போனார்.

நீளமான கூடம். ஒரு முனையில், சுவரில் உயரமாக, பஞ்சுத் தூசு படிந்த டிவி. மறு முனையில் தனலட்சுமியின் தறி. ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு. தறியை நிறுத்தாமலே தலையை ஆட்டி வரச் சொன்னார். திரையில் ஏதோ ஒரு பழைய குடும்பப் படம். அடியோரத்தில் அருணின் அழகான வெள்ளை எழுத்து. எனக்கு அந்த இடத்திலிருந்து அது ஒரு கோடாகத்தான் தெரிந்தது. என் நாற்காலியை ஏன் இருபதடி பின்னால் இழுத்துப் பார்க்கவில்லை?

தறியை நிறுத்திவிட்டு வந்தார். நான் பேசினேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்தார்.

"வாயப் பாத்தா எனக்குப் புரியும் சார்," என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "உங்களுக்கு மீச மறைக்குது. எழுதிக் காட்டுங்க."

பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். 'எங்கள் குழு அண்மையில் வெளியிட்ட மாற்றத்தின் காரணமாக' என்று தொடங்கி இரண்டு வரி எழுதினேன். படித்துப் பார்த்தேன். மேசையில் யாராவது இப்படி ஒரு பிரதியைக் கொடுத்திருந்தால் கிழித்துப்போட்டிருப்பேன். அதை அடித்துவிட்டேன். முதலில் காட்டுவோம், பிறகு எழுதுவோம் என்று சுதாகரிடம் பென் டிரைவைக் கொடுத்தேன்.

அவர் ஸ்டூலில் ஏறி, பெட்டியில் செருகி, சில நிமிடம் ரிமோட்டை அழுத்தினார். படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. கதாநாயகியின் முகவாயை மறைத்துக்கொண்டு மஞ்சள் எழுத்து வந்தது.

தனலட்சுமி நின்ற இடத்திலிருந்தே படித்தார். "'உள்ள போய் தண்ணி கொண்டா.'" அடுத்தது. "'அவர் வந்தா நான் இல்லன்னு சொல்லு.'" படித்துக்கொண்டே பின்னால் நடந்தார். தறியைத் தாண்டி, கொல்லைக் கதவு வரை போனார். கதவில் முதுகு பட்டது. அங்கிருந்தும் ஒன்றைப் படித்தார்.

"பாவா," என்று கணவரைக் கூப்பிட்டார். என்னிடம் வந்தார்.

"எப்படி சார்?"

எழுதினேன்: 'எழுத்தைச் சிறிதாக்கியது நான். உங்கள் கண் நன்றாக இருக்கிறது.'

படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். "எதுக்கு சிறுசாக்குனீங்க?"

'பார்க்க அழகாக இருக்கும் என்று.'

"யாருக்கு?"

பேனா கையில் இருந்தது. மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். முப்பது ஆண்டுகள் கேள்வி கேட்பவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு சின்னக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள் நால்வரும் இனி எதற்குச் சரி என்று எழுதினாலும், எழுதுவதற்கு முன் இந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பாருங்கள். பதில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளாக இருந்தால் பொத்தானை அழுத்தாதீர்கள்.

முனிரத்தினம் வாசலுக்குப் போய் ஆர்.கே.பேட்டைக்குப் போன் போட்டார். தறி நின்றிருந்ததால் பேச்சு கேட்டது.

"டெம்போ வேணாம்ப்பா... ஆங், வேணாம். தறி இங்கயே இருக்கட்டும்... கண்ணு வந்துடுச்சு... இல்லப்பா, மலைக்கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கல. டிவிக்காரரு வந்தாரு... டேய், குடிக்கலடா. காலைல பதினோரு மணிக்கு எவன் குடிப்பான்?"

சுதாகர் சிரித்தார். தனலட்சுமிக்கு அது கேட்கவில்லை. சுதாகர் சிரிப்பதைப் பார்த்து அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தறியின் அருகே போய், என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க சார், ஒண்ணு காட்றேன். ரெண்டு மாசமா கத்துகினேன். நாளைக்கி கண்ணு மொத்தமா போயிட்டா கூலிக்காவது அறுந்த நூலுக்கு முடிச்சு போட்டுப் பொழைக்கணும் இல்ல? தெனம் மத்தியானம் அவரு சாப்புடப் போனதும் கண்ண மூடிகினு ஒக்காந்துடுவேன். மொதல்ல இருவது தடவ அறுந்துச்சு."

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலில் ஓர் இழையை விரலால் சுண்டி அறுத்தார். கண்களை மூடிக்கொண்டார். முகத்தை வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார், நான் சந்தேகப்படக் கூடாது என்று. விரல்கள் இரண்டு முனைகளையும் தேடின, பிடித்தன, ஒருமுறை உருண்டன. மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

"ஆச்சு," என்று கண்ணைத் திறந்தார். "பாருங்க."

குனிந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கான வெள்ளை இழைகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். எந்த இழை அறுந்தது, முடிச்சு எங்கே இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.